வாடகை வீட்டில் இருப்பவருக்கு அரச உதவி: வாசகர் கேள்வி பதில்

வாடகை கட்ட முடியாமல் தவிப்பவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் அண்மைக் காலத்தில் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் மூன்றை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனது சொந்த ஊர் வடமராட்சி கிழக்கு. கணவர் எங்களை விட்டுப் பிரிந்து சென்றுவிட்டார். பிள்ளைகள் இருவரின் படிப்புக்காகக் கோண்டாவிலில் ஒரு வீட்டின் முன்பக்க அறைகள் இரண்டை மாதம் 15,000 ரூபா வாடகைக்கு எடுத்து இருக்கிறேன். தையற்கடையில் கிடைக்கும் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. வெளிநாடுகளில் வருமானம் குறைந்தவர்களின் வாடகையை அரசாங்கம் கொடுப்பதாகச் சொல்கிறார்கள். இங்கும் அப்படி ஏதாவது உண்டா? எனது குடும்பப் பதிவு இன்னமும் ஊரில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் எழுத்தில் எதுவும் தர மறுக்கிறார்.
*பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோண்டாவில்*

பதில்: சகோதரி, வாடகைக்கென்று மாதாமாதம் தனியாகப் பணம் வழங்கும் பொதுவான அரச திட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. பேரிடரில் வீடிழந்தவர்களுக்குக் குறிப்பிட்ட சில மாதங்களுக்கு வாடகைப் பணம் வழங்கப்படுவதுண்டு. ஆனால் அது உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது. ஆகவே, 'வாடகை உதவி' என்ற பெயரில் யாராவது படிவம் நிரப்பித் தருவதாகக் கூறிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு உரிய முதல் வழி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் வழங்கும் அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலை முதல் வழங்கப்பட்டு வரும் இக்கொடுப்பனவு, 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா வரையும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரையும் உயர்த்தப்பட்டுள்ளது. இது வாடகைக்கென்று ஒதுக்கப்பட்ட பணம் அல்ல என்றாலும், உங்கள் வாடகையின் பெரும்பகுதியைத் தாங்கக்கூடிய தொகை. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்தே ஒரு குடும்பம் எந்த வகுதிக்குள் வருகிறது என்று தீர்மானிக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் வாடகைக்கு இருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் வீடு கல்வீடாகவும், தரைக்கு ஓடு பதித்ததாகவும், கிணறும் மலசலகூடமும் உள்ளதாகவும் இருக்கலாம். தகவல் திரட்ட வரும் உத்தியோகத்தரின் கண்ணில் படுவது அந்த வீடுதான். மாதம் பிறந்ததும் அதற்காக உங்கள் கையை விட்டுப் போகும் 15,000 ரூபா அவருடைய கண்ணில் படாது. வீடு உங்களுடையது அல்ல என்பதையும், உங்கள் குடும்பம் இருப்பது இரண்டு அறைகளில் மட்டுமே என்பதையும், வாடகை எவ்வளவு என்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லி, அதற்குரிய பத்திரத்தையும் காட்ட வேண்டும். நிரப்பிய படிவத்தை ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெளிநாட்டிலுள்ள உறவினர் எவராவது இடையிடையே பணம் அனுப்பினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்னர் ஆட்சேபனை வந்து கொடுப்பனவு நிறுத்தப்படுவதைவிட அதுவே பாதுகாப்பானது.

அடுத்தது குடும்பப் பதிவு. நீங்கள் வசிப்பது நல்லூர்ப் பிரதேச செயலகப் பிரிவில். உங்கள் பதிவு இருப்பதோ வடமராட்சி கிழக்குக்குரிய மருதங்கேணியில். இந்த நிலையில் அங்குள்ள கிராம அலுவலர் "இவர் இப்போது இங்கே இல்லை" என்பார். இங்குள்ளவர் "இவருடைய பதிவு என்னிடம் இல்லை" என்பார். இருவரும் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். இடையில் உதவியை இழப்பது நீங்கள். ஊர் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) பதிவை நீக்கியதற்கான கடிதத்தைப் பெற்றுக்கொண்டு வந்து, கோண்டாவிலில் நீங்கள் இருக்கும் பிரிவின் கிராம அலுவலரிடம் பதியுங்கள். பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், உங்கள் அடையாள அட்டை, முன்பு தரப்பட்ட குடும்ப அட்டை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். வாடகைக்கு இருப்பதற்கான சான்றையும் அவர் கேட்பார். உங்களுடைய உண்மையான சிக்கல் அதில்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் எழுத்தில் எதுவும் தர மறுப்பது யாழ்ப்பாணத்தில் பரவலாகக் காணப்படும் ஒன்று. இருப்பவர் வீட்டை எழும்பித் தராமல் விட்டுவிடுவாரோ, பத்து வருடம் கடந்ததும் ஆட்சி உரித்துக் கேட்டு வழக்குப் போடுவாரோ என்ற பயமே இதற்குக் காரணம். போர்க்காலத்தில் வீடுகளைப் பிறரிடம் விட்டுப் போனவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இந்தப் பயத்தை அலட்சியப்படுத்த மாட்டார்கள். ஆனால் சட்டம் சொல்வது அவர் நினைப்பதற்கு நேர்மாறானது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஒருவர் பத்து வருடம் ஒரு காணியை ஆண்டதால் உரித்துப் பெற வேண்டுமானால், அவர் உரிமையாளருக்கு எதிரான உரிமையுடன், இடையூறின்றி, வாடகை கொடுக்காமலும் இன்னொருவருடைய உரிமையை ஏற்றுக்கொள்ளும் வேறெந்தச் செயலும் செய்யாமலும் அதை ஆண்டிருக்க வேண்டும். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் நீங்கள் "இந்த வீடு உங்களுடையது" என்று ஏற்றுக்கொள்கிறீர்கள். அந்த ஏற்பு எழுத்தில் இருந்தால் பாதுகாப்புப் பெறுவது வீட்டுக்காரர்தான். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால், பத்து வருடம் கழித்து "நான் வாடகைக்கு இருக்கவில்லை" என்று சொல்லக்கூடியவருக்குத்தான் அது வசதி. இதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் சொல்லை அவர் நம்பாவிட்டால், அவருக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை ஒப்பந்தம், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். அதற்குரிய செலவை ஏற்க இருவருக்கும் இயலாவிட்டால், மாதாந்த வாடகையாகவே வைத்துக்கொள்ளலாம்; அதற்கு நொத்தாரிசு தேவையில்லை. பற்றுச்சீட்டே பெரிய சான்றாகும். கடையில் வாங்கும் ஒரு சாதாரணப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில், "கோண்டாவிலில் உள்ள எனது வீட்டின் முன்பக்க இரண்டு அறைகளுக்கான இம்மாத வாடகை ரூபா 15,000ஐ இன்னாரிடமிருந்து பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, திகதி, வீட்டின் முகவரி, இருவரின் அடையாள அட்டை இலக்கங்கள், அவருடைய கையொப்பம் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் போதும். அதற்கும் அவர் உடன்படாவிட்டால் வாடகையைக் கையில் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்கில் இட்டு, வைப்புச் சீட்டில் 'வாடகை' என்றும் எந்த மாதத்துக்கு என்றும் எழுதி, சீட்டுகளை ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள்.

அஸ்வெசுமவுக்கான புதிய விண்ணப்பங்கள் எல்லாக் காலத்திலும் ஏற்கப்படுவதில்லை; இரண்டாம் கட்டத்துக்கான விண்ணப்பங்கள் 2024இல் கோரப்பட்டன. ஆகையால் பிரதேச செயலகத்தில் அறிவித்தல் ஒட்டப்படும்போதே கையில் பத்திரங்கள் தயாராக இருக்க வேண்டும். நலன்புரி நன்மைகள் சபையின் 1924 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் விசாரிக்கலாம். உங்கள் பெயர் தெரிவுப் பட்டியலில் வராவிட்டால், குறிப்பிட்ட திகதிக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். "நான் ஏழை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் அதைப் பரிசீலிப்பவருக்குப் பிடிமானம் எதுவும் இருக்காது. சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று கணக்காக எழுதிப் பற்றுச்சீட்டுப் பிரதிகளை இணையுங்கள். எந்தத் தகவலின் அடிப்படையில் உங்களை நிராகரித்தார்கள் என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் கோரிக்கை மீதான தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும்.

பிரதேச செயலகத்துக்குச் செல்லும் அதே நாளில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தித்து, பெண் தலைமைத்துவக் குடும்பம் என்ற வகையில் உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். மாகாண சமூக சேவைகள் திணைக்களம் வழங்கும் பொதுசன மாதாந்த உதவிப்பணத்துக்கு நீங்கள் தகுதியுடையவரா என்பதை அங்கே சொல்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரிந்து சென்றவர் இன்னமும் உங்கள் பிள்ளைகளின் தகப்பன். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, மாதாந்தப் பராமரிப்புப் பணம் கோரும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. விவாகரத்துப் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுவார்கள். பிள்ளைகள் தங்கியிருக்கும் கூரைக்கான செலவும் அவர்களுடைய பராமரிப்பில் ஒரு பகுதிதான். அரசாங்கத்திடம் கேட்பதற்குக் கூச்சப்படாத நீங்கள் அவரிடம் கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: நானும் மனைவியும் எழுபது வயதைக் கடந்தவர்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோம். எங்கள் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை. கனடாவிலுள்ள உறவினரின் வீட்டை மானிப்பாயில் நீண்ட காலமாக வாடகையில்லாமல் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இப்போது அவர்கள் வீட்டை விற்கப் போவதால் எழும்பச் சொல்கிறார்கள். "பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டீர்கள், வழக்குப் போடுங்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். வாடகைக்குப் போனால் அரச உதவி கிடைக்குமா?
*வாசகர், மானிப்பாய்*

பதில்: ஐயா, வழக்குப் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். உரிமையாளரின் அனுமதியுடன், அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், எத்தனை வருடம் இருந்தாலும், அவருக்கு எதிராக ஆண்டவர் ஆகமாட்டார். அந்த வழக்கில் உங்களிடம் உள்ள சொற்ப பணமும், உறவும், ஊரில் உங்களுக்குள்ள மதிப்பும் சேர்ந்து போய்விடும். அதே நேரம், நாளைக்கே எழும்புங்கள் என்று ஒருவர் வந்து பூட்டுப் போடவும் முடியாது. ஒருவரைப் பலாத்காரமாக வெளியேற்றுவதற்குச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. வேறு இடம் தேடுவதற்குச் சில மாத அவகாசமும், இவ்வளவு காலமும் வளவைத் துப்புரவாக்கிக் கிணறு இறைத்து வீட்டைக் காப்பாற்றியதற்கு ஓர் உதவித் தொகையும் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். அது உங்கள் சட்ட உரிமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பது நியாயம். கொடுப்பதற்கு மனமுள்ள உறவினர்களும் இருக்கிறார்கள்.

எழுபது வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதற்கு நீங்கள் இருவரும் விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் உங்கள் பிரிவுக்குரிய சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தில் உடனடியாகக் கேளுங்கள். குடும்பம் என்ற வகையில் அஸ்வெசுமவில் உங்களுடைய நிலை என்னவென்பதையும் அங்கேயே அறிந்துகொள்ளலாம். இதுவரை இலவசமாக இருந்த வீட்டின் அடிப்படையில் உங்கள் தகவல் பதிவாகியிருந்தால், வாடகை வீட்டுக்கு மாறிய உடனே அதை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.

ஆனால் மேலே அந்தச் சகோதரிக்குக் குடும்பப் பதிவை மாற்றச் சொன்னதை வாசித்துவிட்டு நீங்களும் அவசரப்பட்டு எதையும் நீக்க வேண்டாம். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் என்ற பதிவு தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டியது உங்களுக்கு மிகவும் முக்கியம். காணி விடுவிக்கப்படும் நாளில் வீட்டுத்திட்டம், தற்காலிகக் கொட்டில், கிணறு துப்புரவாக்கல் எதுவாக இருந்தாலும் அந்தப் பதிவை வைத்தே வழங்குவார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கியபோதும், கட்டுவதற்குச் சொந்தக் காணி கையில் இல்லாதவர்கள் ஒதுங்கி நிற்க நேர்ந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். உறுதி தொலைந்து போயிருந்தால் காணிப் பதிவகத்தில் தோம்பை (காணிப் பதிவேட்டை) தேடி, பதிவு செய்யப்பட்ட பிரதியைப் பெற்று வையுங்கள். இடப்பெயர்வில் உறுதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமற் போனவர்கள் எத்தனையோ பேர். உறுதி தொலைந்தாலும் உரிமை தொலைவதில்லை. ஆனால் பிரதி இல்லாமல் வரிசையில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் நீங்கள் எழுதவில்லை. இருந்து, உழைத்தும், உங்களைக் கவனிக்காமல் விட்டிருந்தால், முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையில் முறையிட வழி உண்டு. பெற்ற பிள்ளைக்கு எதிராக முறையிட மனம் வராது என்பதை அறிவேன். சில வீடுகளில் சபையிலிருந்து ஒரு கடிதம் போவதே பேச்சைத் தொடங்கி வைக்கிறது. யாருமே இல்லாத நிலையில் கைதடியில் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் இயங்கும் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. அதைக் கடைசி வழியாக மட்டுமே குறிப்பிடுகிறேன். இருவரும் சேர்ந்து இருக்கக்கூடிய ஒரு சிறிய வாடகை வீட்டைத் தேடுவதே முதல் வேலை.

கேள்வி: மகன் இலண்டனில் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் இருக்கிறான். வாடகை கட்டிய பின் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்கிறான். அங்கே அரசாங்கம் வாடகை கொடுக்குமே, ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டால் "பயமாக இருக்கிறது அம்மா" என்கிறான். எங்கள் ஆட்கள் ஒருவரின் வீட்டில் எழுத்தில்லாமல், காசாகக் கொடுத்து இருக்கிறான். யாழ்ப்பாணத்தில் அவன் பெயரில் ஒரு வளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது இடைஞ்சலாகுமா?
*ஒரு தாய், நல்லூர்*

பதில்: அம்மா, உங்கள் மகனின் பயத்துக்குக் காரணம் இருக்கக்கூடும். பிரித்தானியாவில் வேலை செய்யும் வயதிலுள்ளவர்களுக்கு வாடகைக்கான உதவி, 'யூனிவேர்சல் கிரெடிட்' என்ற கொடுப்பனவின் ஒரு பகுதியாக வழங்கப்படுகிறது. ஆனால் மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருப்பவர்களுக்குப் பொது நிதியுதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை வழமையாக இருக்கும். அந்த நிபந்தனையை மீறி விண்ணப்பித்தால் விசாவுக்கே பாதிப்பு வரலாம். ஆகவே, அவனுக்கு எந்த விசா என்று கேட்டறியாமல் விண்ணப்பிக்கும்படி வற்புறுத்த வேண்டாம். நிபந்தனை இருந்தாலும், வறுமையால் குழந்தையின் நலன் கெடும் நிலை வந்தால், 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி உள்ளூராட்சிச் சபையிடம் உதவி கேட்க இடமிருக்கிறது. அதற்கு முன்னர் 'சிற்றிசன்ஸ் அட்வைஸ்' போன்ற இலவச ஆலோசனை அமைப்பு ஒன்றில் அவன் பேசுவது நல்லது.

அவனுக்கு நிரந்தர வதிவிட உரிமையோ அகதி அந்தஸ்தோ இருந்தால், வேலைக்குப் போகிறவனாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். தனியார் வீட்டில் இருப்பவருக்குக் கொடுக்கும் தொகை அவர் கட்டும் வாடகையை மட்டும் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. அந்தப் பகுதிக்கும், குடும்பத்துக்கு எத்தனை அறை தேவை என்பதற்கும் ஏற்ப ஓர் உச்ச அளவு உண்டு. விண்ணப்பித்து முதற் பணம் வருவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் செல்லும். எழுத்தில்லாமல் காசாகக் கொடுத்த வாடகையை நிரூபிப்பது அங்கும் கடினம். வீட்டுக்காரரிடம் கடிதமாவது பெற்று, இனிமேல் வங்கி மூலம் கட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர் நெருங்கிய உறவினராகவும், அதே வீட்டில் குடியிருப்பவராகவும் இருந்தால் வாடகைக்கான பகுதி கிடைக்காது.

வளவு பற்றி நீங்கள் கேட்டது நல்லது. பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பின்னர் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்கிறது. வெளிநாட்டிலுள்ள காணியும் அங்கே மூலதனமாகவே கணக்கிடப்படும். கணவன் மனைவி இருவரின் சேமிப்பும் சொத்தும் சேர்ந்து 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவேர்சல் கிரெடிட் கிடைக்காது. 6,000 பவுணுக்கு மேற்பட்டால் தொகை குறையும். நல்லூர்ப் பக்கத்து வளவென்றால் பரப்புக்கு என்ன விலை போகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நன்கொடை உறுதியில் உங்கள் சீவிய உரித்தை (நீங்கள் உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கி எழுதியிருந்தால், அவனுக்குள்ள பங்கின் இன்றைய பெறுமதி முழுக் காணியின் பெறுமதியாக இருக்காது. விற்பனைச் செலவுக்கென 10 சதவீதமும் கழிக்கப்படும். ஆகவே அந்த உறுதியை எடுத்துப் பாருங்கள். சீவிய உரித்து வாசகம் இருந்தால், உறுதியின் பிரதியையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையும், பதிவு பெற்ற விலை மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் மகனுக்கு அனுப்பி வையுங்கள். விண்ணப்பத்தில் சொத்து பற்றிக் கேட்கும் இடத்தில் அவன் அந்தக் காணியைக் குறிப்பிட்டு, இந்தப் பத்திரங்களையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.